ஈயத்தில் கோத்த மதுரை

1904 ஜூலை மாத 'விவேகபாநு' இதழ் மதுரையிலிருந்து வெளிவந்தது. அதில் பதினான்கு அடி கொண்ட கவிதை ஒன்று. தலைப்பு 'தனிமை இரக்கம்'. எழுதியவர் எட்டயபுரம் சி. சுப்பிரமணிய பாரதி, வயது 21. அச்சில் வந்த பாரதியின் முதல் கவிதை என்று ஆய்வாளர்கள் காட்டுவது இதைத்தான். அடுத்த மாதம் முதல் தேதி அவர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். நவம்பர் 10 வரை அங்கே வேலை பார்த்துவிட்டு, சென்னைக்கு 'சுதேசமித்திர'னுக்குப் போய்விட்டார்.

இதழாசிரியர் மு. ரா. கந்தசாமிக் கவிராயர். அவர் பெயர் நமக்குத் தெரியும். பாரதியின் மதுரை வாசத்தைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன. ஆனால் அந்தப் பதினான்கு அடியையும் எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, மை தடவக் கொடுத்த அச்சுக்கோப்பவர் யார்? அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. மகாகவியின் வரியை அச்செழுத்தில் முதலில் தொட்டுப் பார்த்த விரல் அவருடையது.

மதுரையின் அச்சு வரலாற்றைப் புரட்டும் இடமெல்லாம் இந்தக் குறை உறுத்துகிறது. புரவலர்களின் பெயர் இருக்கிறது, புலவர்களின் பெயர் இருக்கிறது. எழுத்துத் தட்டான கேஸுக்கு முன்னால் நின்றவர்களும், புதுமண்டபத்துத் தூணடியில் புத்தகம் பரப்பி விற்றவர்களும் கணக்கில் வரவில்லை. இந்த ஊரின் அச்சை உண்மையில் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்தாம் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

ஊரின் சொல் அச்சேறியது, ஊருக்கு அச்சு வரவில்லை

தமிழ் அச்சு கடலோரத்தில் பிறந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்ரீக்கே அன்ரீக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. ஐரோப்பாவில் குட்டன்பர்க் பைபிளை அச்சிட்டு நூற்றிருபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

கடலோரத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, மதுரையில் ஓலைதான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தமிழில் நூல் நூலாக எழுதினார், அத்தனையும் கைப்பிரதி. அவர் தொடங்கிய மதுரை மிஷனில் பின்னாளில் பணியாற்றிய அந்தாம் தெ புரோயென்சா, தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1666இல் அவர் காலமானார். அகராதி 1679இல்தான் அச்சானது. அதுவும் மதுரையில் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் அம்பழக்காட்டில். அந்த அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இஞ்ஞாசி ஆச்சாமணி. தமிழ் அச்சின் ஆரம்ப வரலாற்றில் எழுத்து செய்த கைக்காரர் ஒருவரின் பெயர் இங்கே நமக்குக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

வீரமாமுனிவரும் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்தான். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. 1732இல் எழுதிய 'சதுரகராதி' அச்சைக் காண 1824 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சான இடம் சென்னை. மதுரை நகரின் இரவையும் பகலையும் கண்முன் நிறுத்தும் 'மதுரைக்காஞ்சி'யும் அப்படித்தான். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் சென்னையில் அச்சிட்டபோது, அதற்குள் ஒன்றாக வெளியே வந்தது.

காரணம் தேடினால் மூன்று கண்ணில் படுகின்றன. ஈய எழுத்தும் இரும்பு இயந்திரமும் காகிதமும் கப்பலில் வந்து இறங்குபவை. உள்நாட்டுக்கு அவற்றை மாட்டுவண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் வைக்கலாம் என்ற நிலை, சார்லஸ் மெட்காஃப் 1835இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகே வந்தது. ரயில் மதுரையைத் தொட்டது 1875இல். இம்மூன்றில் ரயிலுக்கே முதலிடம் தருவேன். மதுரை அச்சகங்களும் பத்திரிகைகளும் பெருகியது ரயில் வந்த பிற்பாடுதான்.

1834இல் வந்த அமெரிக்கன் மதுரை மிஷன், ஊருக்கு மேற்கே பசுமலையில் பள்ளிகளோடு லெனாக்ஸ் பிரஸ் என்ற அச்சகத்தையும் நடத்தியது. பாடநூலும் வேத நூலும் 'சத்தியவர்த்தமானி' போன்ற பத்திரிகையும் பசுமலையிலிருந்து வந்தன. 1881இல் அமெரிக்கன் கல்லூரி தோன்றியதும் அதே பசுமலையில்தான். அந்த மிஷனின் ஜே. எஸ். சாண்ட்லர் தமிழில் ஊறியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பணி 1913இல் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மதுரையில்தான் தொடங்கியது. பிறகு அலுவலகம் சென்னைக்கு மாறி, எஸ். வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவு பெற்றது.

ஒரு பிரதி கிடைக்காத ஊர்

நான்காம் தமிழ்ச் சங்கம் பிறந்த கதை மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். பேச்சுக்குக் குறிப்பெடுக்கத் திருக்குறள் வேண்டும் என்றார். ஊரெல்லாம் தேடியும் ஒரு பிரதி அகப்படவில்லை. சங்கம் வளர்த்த மதுரையிலா இந்த நிலை என்று மனம் நொந்து, அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று சங்கத்தை நிறுவினார் என்பார்கள். கேட்டது குறள் இல்லை, கம்பராமாயணம் என்று சொல்வோரும் உண்டு. எதுவானால் என்ன, சங்கம் பிறந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது புத்தகப் பஞ்சம். திருக்குறள் முதன்முதலாக அச்சானது 1812இல். எண்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மதுரையில் கேட்ட மாத்திரத்தில் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்றால், சென்னையில் அச்சான புத்தகம் சென்னையைச் சுற்றியே கிடந்தது என்று அர்த்தம்.

தேவருக்கு அச்சின் அருமை வீட்டிலேயே தெரிந்திருந்தது. அவருடைய தந்தை பொன்னுச்சாமித் தேவரின் பொருளுதவியில்தான் ஆறுமுக நாவலர் 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரையை அச்சிட்டார். மகனோ அச்சின் ஆபத்தையும் கண்டவர். எதுகை சரியில்லை என்று குறளைத் தன் போக்கில் திருத்தி அச்சிட்டுவிட்டார் ஸ்காட் என்ற ஆங்கிலேயர். அந்தப் பிரதிகளை மொத்தமாக விலை கொடுத்து வாங்கித் தேவர் அழித்தார் என்பது தமிழறிஞர் வட்டத்தில் வழிவழியாக வரும் செய்தி. ஓலையில் பிழை என்றால் ஓர் ஏட்டோடு போகும். அச்சில் பிழை என்றால் நூற்றுக்கணக்கில் பெருகும். ஆகவே சங்கத்துக்குப் பாண்டியன் புத்தகசாலையும் செந்தமிழ்க் கலாசாலையும் அமைத்தவர், தமிழ்ச் சங்க முத்திராசாலை என்ற சொந்த அச்சகத்தையும் சேர்த்தே ஏற்படுத்தினார். அச்சகம் கையில் இல்லாவிட்டால் பதிப்பும் கையில் இல்லை என்று உணர்ந்த புரவலர் அவர்.

1902இல் ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' மாத இதழ் தொடங்கியது. பின்னர் அப்பொறுப்பு மு. இராகவையங்காருக்கு வந்தது. பழைய சிற்றிலக்கியங்கள், கீழ்க்கணக்கு நூல்கள், பழைய உரைகள் என ஏட்டில் கிடந்தவை மாதாமாதம் அச்சேறின. நூலாகவே கைக்கு வராமல் உதிரிப் பாடல்களாக மிஞ்சிய முத்தொள்ளாயிரத்தைத் திரட்டி 1905இல் வெளியிட்டார் ரா. இராகவையங்கார். யாழ்ப்பாணம் கு. கதிரைவேற்பிள்ளையின் பெரிய அகராதியைச் சங்கம் 1910 முதல் 1923 வரை மூன்று பாகங்களாகக் கொண்டுவந்தது. அகராதிதான் அச்சுக்கோப்பவருக்கு மிகக் கடினமான வேலை. ஒவ்வொரு வரியிலும் எழுத்தின் அளவு மாறும், சுருக்கக் குறிகள் வரும், ஓரிடத்தில் பிசகினாலும் அகரவரிசை குலையும்.

அல்லி ஆண்ட மண்டபம்

குறள் பிரதி கிடைக்காத அதே மதுரையில் 'அல்லி அரசாணி மாலை' கிடைத்திருக்கும் என்பது என் திடமான எண்ணம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபம், பல தலைமுறையாகக் கடைவீதியாக இருந்தது. ஒரு பக்கம் தையல் மெஷின்கள், ஒரு பக்கம் பாத்திரம், வளையல், நடுவே புத்தகக் கடைகள். இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்றவர்கள் அங்கே விற்பனையோடு பதிப்பும் செய்தார்கள். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அம்மனைக் கும்பிட வந்த சனம், குங்குமமும் வளையலும் வாங்கிய கையோடு ஒரு புத்தகமும் வாங்கிப் போயிற்று.

என்ன புத்தகம்? பெரும்பாலும் 'பெரிய எழுத்து' வகை. அட்டையில் ஒரு மரச்செதுக்குப் படம். உள்ளே பருமனான எழுத்து. மெல்லிய, மட்டமான தாள். எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? இந்தப் புத்தகங்களைத் தனியே உட்கார்ந்து மனத்துக்குள் படித்தவர்கள் குறைவு. இரவு வேலை முடிந்து, விளக்கைச் சுற்றி ஊர் உட்கார, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். விளக்கின் மங்கிய வெளிச்சத்துக்கும் வயதான கண்ணுக்கும் புதிதாகப் படிக்கக் கற்றவருக்கும் ஏற்ற அளவு அது. யார் வாங்குகிறார், எங்கே வைத்து வாசிக்கிறார் என்று தெரிந்து அச்சிட்டார்கள்.

இந்தக் கதைகளில் எத்தனை இந்த மண்ணின் கதை என்று பாருங்கள். அல்லி அரசாண்டது மதுரையை. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டது மதுரையில். கோவலன் கொலையுண்டது மதுரையில். நல்லதங்காள் வாழ்க்கைப்பட்டது மானாமதுரையில், பிறந்த வீடு அர்ச்சுனாபுரம். உ. வே. சா. சிலப்பதிகாரத்தைச் செம்மையாகப் பதிப்பித்தது 1892இல். வைகைக் கரைச் சம்சாரிக்குக் கண்ணகி தெரியாதவளாக இருக்கவில்லை. 'கோவலன் கதை' வழியாக அவளை அவர் அறிந்திருந்தார். புலவர் மதிக்காத அந்தப் பதிப்பில் சொற்பிழை மலிந்திருக்கும், பாடபேதத்துக்குக் கணக்கிருக்காது. ஆனாலும் எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறையின் கையில் போய்ச் சேர்ந்தது அதுதான். சங்கத்தின் முத்திராசாலையும் புதுமண்டபத்துக் கடையும் ஒரே காலத்தில் கூப்பிடு தூரத்தில் இயங்கின. முன்னதை மட்டும் தமிழ்ப் பதிப்பு வரலாறு என்று எழுதி வைத்திருப்பது பெரிய அநியாயம்.

சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வர்ணிப்புப் புத்தகம் ஓடும். அழகர் மலையிலிருந்து கள்ளழகர் இறங்கி வரும் வழியெல்லாம் வர்ணிப்பு பாடிக்கொண்டு நடப்பவர்களுக்குத் துணை அந்தச் சிறு புத்தகங்கள். நாடகக் கொட்டகைக்குப் பக்கத்தில் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' பாட்டுப் புத்தகங்கள். விடுதலைப் போராட்டக் காலத்தில் மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டுகள் மேடையிலும் இசைத்தட்டிலும் அச்சிலும் சுற்றி வந்தன. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகத்தைக் கண்டு அஞ்சிய அரசு அவற்றில் பலவற்றைப் பறிமுதல் செய்தது.

மண்டபத்தை அதன் பழைய அழகுக்கு மீட்பதற்காகக் கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்கள் மூச்சுவிடுவது நல்லதே. ஆனால் நாயக்கர் காலத்துத் தூணுக்குப் பாரம்பரியம் உண்டென்றால், அந்தத் தூணடியில் நடந்த புத்தக வியாபாரத்துக்கும் பாரம்பரியம் உண்டு. அதைச் சொல்லும் ஒரு பலகையாவது அங்கே வைக்க வேண்டும்.

கேஸுக்கு முன்னால்

மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் நுழைந்தால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்புகூட டிரெடில் மெஷினின் 'டடக்-டடக்' காதில் விழும். முன்னறையில் முதலாளியின் மேஜையும் பில் புத்தகக் கட்டுகளும். உள்ளே போனால் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை, சாய்ந்த மரச் சட்டங்களில் கேஸ்கள்.

கேஸ் என்பது சிறுசிறு அறை பிரித்த மரத்தட்டு. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண், குறிகள் என்று அடக்கிவிடலாம். தமிழுக்கு உயிர், மெய், உயிர்மெய், 'கு', 'கூ' வரிசைகளுக்குத் தனித்தனி உரு, 'கி', 'கீ' வரிசைகளுக்குத் தனி உரு, துணைக்கால், கொம்புகள், கிரந்த எழுத்துகள், எண்கள் என்று அறைகள் நூற்றைம்பதைத் தாண்டும். இத்தனைக்கும் எந்த அறையிலும் எழுத்து ஒட்டியிருக்காது. கம்பாசிட்டர் எனப்பட்ட அச்சுக்கோப்பவரின் கைக்குத்தான் எது எங்கே என்று தெரியும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், வலக்கை அறையறையாகப் போய் வரும், இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறு வெட்டு உண்டு. கட்டைவிரல் அந்த வெட்டைத் தடவிப் பார்த்து, எழுத்து நேராக நிற்கிறதா என்று கண்டுகொள்ளும். எழுத்து கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாறியிருக்கும். ஸ்டிக்கில் தலைகீழாக நிற்கும். அப்படியே இடமிருந்து வலமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 'கொ' என்பது வாய்க்கு ஒரே ஒலி. கைக்கு ஒற்றைக் கொம்பு, 'க', கால் என மூன்று துண்டு.

வரி நிறைந்ததும் இடைவெளித் துண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ இறுக்குவார்கள். ஸ்டிக் நிறைந்ததும் 'காலி' என்ற நீளத் தட்டில் இறக்கி, நூல் சுற்றிக் கட்டி, புரூப் எடுப்பார்கள். புரூப் திருத்தி வந்ததும், இரும்புச் சட்டமான சேஸுக்குள் பக்கங்களை வைத்து முடுக்கினால் பாரம் தயார். இதில் பக்கங்களை வைக்கும் வரிசையே ஒரு தனி வித்தை. தாளை மடித்து வெட்டும்போது ஒன்றாம் பக்கத்துக்குப் பின் இரண்டு வர வேண்டுமானால், பாரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் திரும்பப் பிரித்துப் போடுவார்கள். பிரித்துப் போடாவிட்டால் அடுத்த பாரத்துக்கு எழுத்து இருக்காது. 'ன்' தீர்ந்துபோய் வேலை நின்ற அச்சகங்கள் எத்தனையோ. புது ஆள் முதலில் கற்றது இந்தப் பிரித்துப் போடுகிற வேலையைத்தான்.

எழுத்து ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஈயம் உருக எளிது, ஆன்டிமனி கடினம் தரும், வெள்ளீயம் அச்சு வார்ப்பில் ஓரங்களைக் கூராக்கும். விரலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் உலோகம் அது. கை கழுவாமல் சாப்பிட உட்காராதே என்று மூத்தவர் சொல்வார். மை தடவும் உருளை பழைய நாளில் வஜ்ஜிரத்தையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்தது. சூடு ஏறினால் இளகிவிடும். மதுரை அக்கினி நட்சத்திரத்தில் அதைக் காப்பாற்றுவதே தனிப் பாடு.

பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது சொன்ன நியாயங்களில் ஒன்று, அச்சுக்கோக்கும் வேலை எளிதாக வேண்டும் என்பது. பழைய வடிவில் ணா, றா, னா மூன்றுக்கும் தனி உரு. லை, ளை, ணை, னை நான்குக்கும் துதிக்கை வைத்த தனி உரு. இவற்றோடு ண, ற, ன மூன்றின் ஒகர, ஓகார வடிவங்களும் சேர்ந்து பதின்மூன்று. தமிழக அரசு 1978இல் அதை ஆணையாக்கியது. பள்ளிக்கூடம் அதைப் பாடமாகப் பார்த்தது. அச்சகத்தில் அது சில அறைகள் காலியானதாகவும், கை அவ்வளவு தூரம் குறைவாகப் போய் வந்ததாகவும் உணரப்பட்டது.

நோட்டீஸ், சுவரொட்டி, செய்தித்தாள்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை மதுரையில் நிறுவினார். அன்றிலிருந்து தென்மாவட்ட நாடகத்துக்கு மதுரைதான் தலைமை இடம். ஸ்பெஷல் நாடகத்துக்கு நோட்டீஸ் அடிப்பது மதுரை அச்சகங்களுக்கு நிலையான வருமானம். மெல்லிய வண்ணத்தாள். மேலே சாமி துணை, அதன் கீழ் எந்த ஊர், என்ன திருவிழா, எந்தத் தேதி, இரவு எத்தனை மணி. நடுவில் நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில். பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று படங்கள். ஒவ்வொரு நடிகருக்கும் முகப்படம் பொறித்த துத்தநாக பிளாக் உண்டு. மரக்கட்டையில் ஆணியடித்து வைத்திருப்பார்கள். யார் படம் மேலே, யார் பெயர் எத்தனை பாயிண்டில் என்பதில்தான் நடிகரின் அந்தஸ்து. அதைத் தவறில்லாமல் அடுக்கத் தெரிந்தவர் அச்சுக்கோப்பவர். அந்த நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்தால் தமிழ் நாடக வரலாற்றின் பாதி கிடைத்துவிடும். திருவிழா முடிந்த மறுநாள் அவை பொட்டலம் கட்டப் போயின.

சுவரொட்டிக்கு ஈயம் தாங்காது; எடை கூடும். எனவே மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகள். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று மதுரைச் சுவர்கள் பேசிய பேச்சு நாடறிந்தது. இன்றைய பிளெக்ஸ் பேனரின் தடபுடல் வாசகமெல்லாம் அந்த மர எழுத்துக் காலத்தில் உருவான நடைதான்.

1942 நவம்பர் 1 அன்று சி. பா. ஆதித்தனார் 'தந்தி' நாளிதழை மதுரையில் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நேரம். பத்திரிகைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. வைக்கோல் கூழில் கையால் காகிதம் செய்து அச்சிட்டார்கள் என்று அந்நாளிதழின் வரலாறு கூறுகிறது. பேச்சுக்கு நெருங்கிய தமிழ், சிறிய வாக்கியம், பெரிய தலைப்பு: இதுதான் அதன் வழி. டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது. பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கிய சனத்தின் பிள்ளைகள்தாம் 'தந்தி'யின் முதல் வாசகர்கள் என்று நான் நம்புகிறேன். அந்த நாளிதழ் சென்னையில் அல்லாமல் மதுரையில் பிறந்ததற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

ஈயம் இறங்கிய பிறகு

மதுரைக்குத் தெற்கே சிவகாசியில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகி 1923இல் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ வந்தது. லித்தோவுக்குப் பின் ஆப்செட். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டராகி நாடெங்கும் போயின. மதுரைக் கல்யாணப் பத்திரிகை, டைரி, காலண்டர் வேலையெல்லாம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன.

ஆப்செட்டில் எழுத்தைத் தொட வேண்டியதில்லை, படமெடுத்தால் போதும். 1980களின் பிற்பாதியிலும் 90களிலும் கம்ப்யூட்டர் டி.டி.பி. வந்ததும் கேஸ்கள் மூலைக்குப் போயின. கம்பாசிட்டர்களில் இளையவர்கள் சிலர் கீபோர்டு பழகினார்கள். நடுவயதுக்காரர்களுக்கு அது கூடவில்லை. வாட்ச்மேன் வேலைக்கும் பெட்டிக்கடைக்கும் போனார்கள். எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. ஓர் அச்சகத்தின் மொத்த எழுத்தும் ஒரு சாக்கில் அடங்கி, உருக்குக் கலத்துக்குப் போனது.

மதுரைக்கு இன்னொரு எழுத்தும் உண்டு என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுவார்கள். மதுரைச் சௌராஷ்டிரர்களின் மொழிக்கு எழுத்துரு கொடுத்து அச்சுப் பாடநூல்களைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தி. மு. ராமராய். ஈய வடிவில் தளர்ந்துபோன அந்த எழுத்துக்கு 2008இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. இனி எழுத்து வார்க்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் கைபேசியிலேயே எழுதலாம்.

தமிழுக்கு அதற்குப் பத்தாண்டு முன்பே பெரிய காரியம் ஒன்று தொடங்கியிருந்தது. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் தன்னார்வப் பணியைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மதுரைத் திட்டம்'. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். இந்த முறை ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நன்றியோடு இடம்பெற்றன. விவேகபாநுவின் அச்சுக்கோப்பாளருக்குக் கிடைக்காத மரியாதை அது.

இன்னும் நேரம் இருக்கிறது

புலவர் விட்டதைப் பொறுக்கிச் சேர்த்தவர்களும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய எழுத்துக் கதை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என எதையும் இழிவாக நினைக்காமல் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது இயங்குகிறது. புதுமண்டபத்துக் கதைப் புத்தகத்தை இன்று ஆராய விரும்பும் மதுரை மாணவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் தன் பெயரைச் சட்டியில் கீறி வைத்தார், அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறோம். போன நூற்றாண்டில் லட்சக்கணக்கான பக்கம் கோத்த மதுரைக்காரர்களின் பெயரைக் குறித்து வைக்கத் தோன்றவில்லை.

2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நல்ல நூலகம். அங்கே தரைத்தளத்தில் ஓர் அறை போதும். ஓடுகிற நிலையில் ஒரு டிரெடில், எழுத்து நிறைந்த நாலு கேஸ், நாடக நடிகர்களின் பிளாக்குகள், மர எழுத்து, புதுமண்டபப் பதிப்புகள், அச்சகங்களின் பழைய கணக்கு நோட்டுகள். சங்கத்தின் செந்தமிழ் இதழ் வரிசையும் பக்கத்திலேயே இருக்கட்டும். வாரம் இருமுறை ஒரு பழைய கம்பாசிட்டரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரைத் தாங்களே கோத்து அச்சடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். டிரெடில் இன்னும் சில அச்சகங்களின் பின்கட்டில் பில் புத்தகத்துக்கு எண் அடிக்கவும் ஓட்டை போடவும் பயன்படுகிறது, வாங்குவது கடினமில்லை. கேஸ் அறைகளைக் கண் பார்க்காமல் கை தொட்டவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். முதலில் அவர்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். எந்த அச்சகம், எந்த முதலாளி, என்னென்ன புத்தகம் கோத்தார்கள் என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். தமிழ்ச் சங்கம், அமெரிக்கன் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மூன்றும் மனம் வைத்தால் இந்தக் கல்வியாண்டிலேயே மாணவர்களை அனுப்பி இதைத் தொடங்கிவிடலாம்.